அடி வாங்கியவர்களை யார் எண்ணினார்கள்?



ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதிப் பக்கம் நடந்தால் சில வீடுகளில் இன்னும் பழைய திண்ணைகளைப் பார்க்கலாம். இருநூறு வருடங்களுக்கு முன்னால் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் எழுத்து கற்றுக்கொண்டது இந்த மாதிரித் திண்ணைகளில்தான். எத்தனை பேர் படித்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் இருக்கிற கணக்கைப் பார்ப்போம். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் ஒரு விவரம் கேட்டார். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன? அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தச் சாதி எத்தனை? திருச்சிராப்பள்ளியில் இருந்து போன பதிலில் 790 பள்ளிகள், சுமார் 10,000 மாணவர்கள் என்று இருந்தது. 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அந்தக் காலத்துக்கு இது பெரிய வேலைதான், சந்தேகமே இல்லை.

ஆனால் இந்தப் பள்ளிகளுக்குள் என்ன நடந்தது? திண்ணைப் பள்ளிக்கூடம் என்றால் உடனே 'கோதண்டம்' ஞாபகத்துக்கு வரும். விட்டத்தில் கட்டிய கயிற்றில் பையனைத் தொங்கவிடுவது. அதோடு பிரம்படி, முட்டி போடுதல் எல்லாம் உண்டு. பழைய தலைமுறையினர் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியும், "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்லும் பெற்றோரும் நமக்குப் புதிதா என்ன?

மன்றோவின் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இல்லை. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அடி என்பது எண்ண வேண்டிய விஷயம் என்று யாருக்குமே தோன்றவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. பதில் சொன்னவர்கள் எல்லோரும் பெரியவர்கள். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை.

உலகம் முழுக்கவே இதே கதைதான். 1962-ல் அமெரிக்காவில் ஹென்றி கெம்ப் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். "கீழே விழுந்துவிட்டான்" என்று தூக்கி வரப்படும் குழந்தைகளின் எக்ஸ்ரேயில், வெவ்வேறு சமயங்களில் உடைந்து ஒட்டிய எலும்புகள் தெரிந்தன. வீட்டிலேயே அடிக்கிறார்கள் என்பதை மருத்துவ உலகம் அப்போதுதான் வாய்விட்டுப் பேச ஆரம்பித்தது. கவனியுங்கள், அப்போதும் சாட்சி சொன்னது எலும்புதான், குழந்தை இல்லை!

குழந்தைகளையே கேட்கும் முறை அதற்குப் பிறகு மெல்ல வளர்ந்தது. இதில் முக்கியமான பெயர் டேவிட் ஃபிங்கல்ஹோர் என்ற அமெரிக்க சமூகவியலாளர். இவருடைய குழுவினர் உருவாக்கிய கேள்வித்தாளில் "நீ கொடுமைக்கு ஆளானாயா?" என்று பொதுவாகக் கேட்பதில்லை. யாராவது அடித்தார்களா, பொருளைப் பிடுங்கினார்களா, வீட்டில் ஒருவரை இன்னொருவர் அடிப்பதைப் பார்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். 2008-ல் அமெரிக்காவில் 4,549 குழந்தைகளைப் பற்றி நடந்த ஆய்வில், அதற்கு முந்தைய ஒரே வருடத்தில் ஏதோ ஒரு வன்முறைக்கு ஆளானவர்கள் அல்லது அதை நேரில் பார்த்தவர்கள் 60 சதவீதம்!

சரி, நம் ஊருக்கு வருவோம். 2006-ல் சென்னையைச் சேர்ந்த 'துளிர்' அமைப்பு 2,211 பள்ளி மாணவர்களிடம் பாலியல் கொடுமை பற்றி ஆய்வு செய்தது. 42 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பெண்களில் 39 சதவீதம், ஆண்களில் 48 சதவீதம். ஆம், பையன்கள்தான் அதிகம். பையனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்து யாரும் கேட்டதே இல்லை. கேட்டதும் பதில் வந்துவிட்டது.

2007-ல் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை ஆய்வு செய்து அறிக்கை வெளியிட்டது. மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியான கொடுமையை அனுபவித்திருந்தார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் அங்கே அடி வாங்கியிருந்தார்கள். பாலியல் கொடுமையில் 53 சதவீதம். பெரும்பாலானோர் இதை யாரிடமும் சொல்லவே இல்லை. அந்த 13 மாநிலங்களில் கேரளா உண்டு, ஆந்திரா உண்டு. தமிழ்நாடு இல்லை. 1822-ல் திருச்சி மாவட்டப் பள்ளிகளை எண்ணிய அரசாங்கம், 2007-ல் திருச்சிப் பிள்ளைகளைக் கேட்கவில்லை.

எண்ணி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் இருக்கிறது. 2007 அறிக்கைக்குப் பிறகு பாலியல் கொடுமையை "எங்கோ ஒன்றிரண்டு" என்று ஒதுக்க முடியவில்லை. 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. பள்ளியில் அடிப்பதைத் தமிழக அரசு 2003-லேயே கல்வி விதியைத் திருத்தித் தடை செய்தது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் நாடு முழுக்கத் தடை செய்தது.

ஆனால் சட்டம் வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காரணம் சாதி. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. அடிப்பது வாத்தியார் மட்டுமில்லை, பக்கத்து பெஞ்சுக்காரனும்தான் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது. அதனால்தான் சக மாணவர்களைப் பற்றியும் கேட்கும் கேள்வித்தாள் அவசியமாகிறது.

நம் வகுப்பில் சிலர் நாளைக்கு ஆசிரியர் ஆவார்கள், எல்லோருமே ஏதோ ஒரு பிள்ளைக்கு மாமாவோ அத்தையோ ஆவோம். ஒரு பிள்ளை திடீரென்று பள்ளிக்குப் போக மாட்டேன் என்றால் "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன்னால், என்ன நடந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வரும் பதிலை நம்புங்கள். உதவி தேவைப்பட்டால் 1098 என்ற இலவச எண் இருக்கிறது, பிள்ளைகளே நேராகக் கூப்பிடலாம்.