அவுஸ்திரேலியப் பூர்வகுடித் தாய்மார் ஏன் அஞ்சினர்?

2007 ஜூன் 21 ஆம் திகதி அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹோவார்ட் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். வட பிராந்தியத்தில் பூர்வகுடிச் சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாகின்றனர், ஆதலால் மத்திய அரசாங்கம் நேரடியாகத் தலையிடும் என்றார். பொலிஸார் அனுப்பப்பட்டனர், உதவிக்கு இராணுவமும் சென்றது. தாய்மார் சிலர் பிள்ளைகளுடன் மறைவிடம் தேடி ஓடினர் என அப்போது செய்திகள் வந்தன. காக்க வந்தவர்களைக் கண்டு அவர்கள் ஓடுவானேன்?

விடை பழையது. 1910 க்கும் 1970 க்கும் இடையில், பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை பெற்றோரிடமிருந்து பலவந்தமாகப் பிரிக்கப்பட்டதாக 1997 இல் அந்நாட்டு மனித உரிமைகள் ஆணைக்குழு தெரிவித்தது. அன்றும் பொலிஸாரே வந்தனர். அன்றும் பிள்ளைகளின் நலனே காரணமாகச் சொல்லப்பட்டது.

பிரிக்கப்பட்டவர்கள் வளர்ந்து என்னவானார்கள்? பொலிஸ் காவலிலும் சிறைகளிலும் மரணமான 99 பூர்வகுடியினர் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு 1991 இல் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அந்த 99 பேரில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். ஆணைக்குழு அறிக்கைகளை வாசித்தே கண் மங்கியவன் நான். ஒரே எண்ணில் இவ்வளவு வரலாற்றைச் சொன்ன வேறோர் அறிக்கையை அறியேன். பெற்றோரை அறியாது வளர்ந்தோரே பின்னர் பெற்றோராயினர். இதனுடன் நிலமும் பறிபோயிற்று. 1960 களின் பிற்பகுதியில் சம ஊதியம் சட்டமானதும் மாட்டுப் பண்ணைகள் பூர்வகுடித் தொழிலாளரைப் பெருமளவில் வெளியேற்றின. நகர எல்லைகளில் அவர்களுக்கு எஞ்சியவை வேலையின்மையும் மதுவும்.

ஹோவார்ட் ஆதாரமாகக் காட்டிய அறிக்கையை எழுதியவர்கள் சட்டத்தரணி றெக்ஸ் வைல்ட்டும் பூர்வகுடிப் பெண்மணி பற் அண்டர்சனும் ஆவர். 45 குடியிருப்புகளுக்குச் சென்ற அவர்கள் கொடுமையை மூடிமறைக்கவில்லை. ஆனால் பூர்வகுடி வழக்காறே அதற்குக் காரணம் என்ற கதையை நிராகரித்தனர். மது, நெருக்கடியான வீடுகள், கல்வியின்மை, பழைய காயங்கள் ஆகியவற்றையே சுட்டினர். அவர்களது 97 விதப்புரைகளில் முதலாவது, அம்மக்களுடன் மெய்யாகவே கலந்தாலோசிக்குமாறு கோரியது.

அறிக்கை பகிரங்கமாகி ஆறே நாட்களில், எவருடனும் ஆலோசியாது அரசாங்கம் இறங்கியது. 1975 ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் இந்நடவடிக்கைகளுக்காக இடைநிறுத்தப்பட்டது. 73 குடியிருப்புகளில் நலன்புரிக் கொடுப்பனவின் பாதியை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. தாமாகவே மதுவைத் தடைசெய்திருந்த கிராமங்களின் வாயிலிலும் மதுத்தடை அறிவித்தல் பலகை நாட்டப்பட்டது!

அப்பெண்களில் சிலர் இத்தலையீட்டை வரவேற்றனர் என்பதையும் மறைக்கலாகாது. இன்றிரவு அடிபடப்போகும் பெண்ணுக்கு அருகே ஒரு பொலிஸ் நிலையம் வேண்டும். அதைக் கொடுப்பதற்கு ஓரினத்தின் சட்டப் பாதுகாப்பை நீக்கவேண்டிய தேவை என்ன என்பதே என் கேள்வி.

பிரிக்கப்பட்ட தலைமுறையினரிடம் பிரதமர் கெவின் ரட் 2008 பெப்ரவரி 13 இல் மன்னிப்புக் கோரினார். இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை மீண்டும் நடைமுறைப்படுத்த 2010 இல் சட்டம் இயற்றப்பட்டது. எஞ்சிய விசேட சட்டங்கள் 2022 இல் காலாவதியாயின. அந்நாட்டுச் சிறுவர்களில் பூர்வகுடியினர் ஏறத்தாழ 6 சதவீதத்தினர். வீட்டிலிருந்து அகற்றப்பட்டுப் பிறர் பராமரிப்பில் வாழும் சிறுவர்களில் அவர்கள் இன்று 40 சதவீதத்துக்கும் மேல்.