தொட்டியோரத்து மூவிலை

கோவையில் எந்த மொட்டை மாடித் தொட்டியை எட்டிப் பார்த்தாலும், வைத்த செடிக்குக் கீழே வைக்காத செடி ஒன்று படர்ந்திருக்கும். மூன்று இதயங்களைக் கூர்முனையில் சேர்த்துக் கட்டியது போல இலை, பொட்டளவு மஞ்சள் பூ, வெண்டைக்காயைச் சுண்டுவிரல் நகத்துக்குச் சுருக்கிய மாதிரிக் காய். புளியாரைதான். நர்சரியில் ரோஜா வாங்கினால் மண்ணோடு ஓசியில் வந்துவிடும். “ஏனுங்க்கா, இந்தக் களைக்குப் போயி தண்ணி ஊத்தறீங்களா?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

படித்தவர்கள் சிலர் இதைக் குளோவர் என்பார்கள். அதற்கும் இதற்கும் உறவே இல்லை. குளோவர் அவரைக் குடும்பம். வேரில் முடிச்சு கட்டி மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். புளியாரையோ நட்சத்திரப் பழத்தின் குடும்பம். ஓர் இலையைக் கிள்ளி மென்றால் நாக்கே தீர்ப்புச் சொல்லிவிடும்.

அசல் குளோவரும் கோவைக்கு அந்நியமில்லை. கோவையோடு இருந்த நீலகிரி 1868-இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் ஊட்டியை உருவாக்கியவரே கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன். அவர் மலையேறிய பின்னால் உருளைக்கிழங்கும் ஐரோப்பியக் காய்கறிகளும் அங்கே வேர்பிடித்தன. 1848-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து தோட்டக்கலைஞர் மக்கைவர் வந்து தாவரவியல் பூங்காவை அமைத்தார். இப்படி மலையில் குடியேறிய வெளிச்செடிகளில் வெள்ளைக் குளோவரும் ஒன்று. இன்று ஊட்டிப் புல்தரையில் யாரும் விதைக்காமலே படர்கிறது. ஆனால் 2,240 மீட்டர் குளிரில் வளர்ந்ததை 411 மீட்டர் உயரத்துக் கோவைக்கு இறக்கினால் சித்திரை வெயில் விட்டுவைக்காது.

சமவெளிக்கு அதன் பங்காளி ஒன்று போதும்: குதிரைமசால். அதுவும் மூவிலைதான். கிணற்றுப் பாசனத்தில் ஒருமுறை விதைத்தால் மூன்று நான்கு வருஷம் நிற்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு அறுப்பு. கொங்கு நாட்டுக் கறவை மாடுகளுக்குத் தெரிந்த குளோவர் இதுவே. 1906-இல் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்த விவசாயக் கல்லூரியின் வாரிசான பல்கலைக்கழகம் இதற்குக் ‘கோ 1’ என்ற ரகமே வெளியிட்டது. ஒரே மூவிலை; ஒன்று தீவனம், இன்னொன்று களை. பிரிப்பது செடியல்ல, மாடு.

அழகுக்கென்று கொண்டுபோய் அவதிப்பட்ட கதையும் உண்டு. அமெரிக்க மண்ணின் இளஞ்சிவப்புப் பூப் புளியாரை தோட்ட அலங்காரமாக உலகம் சுற்றியது. நீலகிரிக் கேரட், உருளைக் காடுகளில் இன்று அது விவசாயிக்குத் தீராத தலைவலி. மண்ணுக்கடியில் குட்டிக் கிழங்குகள். கொத்தினால் சாகாது, சிதறிப் பெருகும்.

நாலிலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று மேற்கே குளோவர் மேட்டில் தேடுவார்களாம். பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் முடியும் காளிங்கராயன் வாய்க்கால் பாசன வயல்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் வேண்டவே வேண்டாம். நெல்லுக்கு நடுவே ஆரைக்கீரை நாலு நாலு இலையாகத்தான் முளைக்கிறது. அது பூக்காத பெரணி வகை. பறித்தால் கீரை, விட்டால் களை. அந்த ஆரையின் சாயலில் புளித்ததால்தான் இது புளியாரை.

அயர்லாந்துக்காரர்களின் மார்ச் 17 திருநாளுக்கு அமெரிக்கக் கடைகளில் அவர்களின் மூவிலைச் சின்னமான ‘ஷாம்ராக்’ என்று தொட்டியில் விற்பதும் பெரும்பாலும் புளியாரை இனமே. கோவை நர்சரிகளில் காசு கொடுத்து வாங்கும் ஊதா இலைச் செடியும் அதே இனம். வெயிலுக்கு இலை உதிர்ந்தால் செத்ததென்று கொட்டிவிடாமல் தண்ணீரைக் குறைத்து நிழலில் வைத்தால், மண்ணுக்குள் உறங்கும் கிழங்கு மறுபடி துளிர்க்கும்.

ஓசியில் வந்த மஞ்சள் பூக்காரிக்கு அத்தனை உபசாரம் வேண்டாம். அகலத் தொட்டி, பாதி நிழல், காயாத மண் போதும். பழுத்த காயை விரலால் தொட்டால் வெடித்து விதையைத் தெறிக்கவிடும்; அடுத்த தொட்டிக்கு அதுவே நாற்று. மாலையானால் மூன்று இலையும் குடை மடக்குவது போலத் தொங்கிவிடும். அப்போது இலையின் அடியைத் திருப்பிப் பார்த்தால், சில நாளில் அரிசி நீளத்துக்குப் பச்சைப் புழு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். புல்வெளியில் தாழப் பறக்கும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. புளியாரைதான் அதற்குச் சோறு.