தேய்ந்த இடுப்பு மூட்டும் தேயாத பிளாஸ்டிக்கும்



வாரிய உறுப்பினருக்கு வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும் என்று 921ஆம் ஆண்டு நம் ஊர்க் கல்வெட்டு சொல்வதை வகுப்பில் படித்திருப்பீர்கள். இன்று 70ஐத் தொடும் முன்பே நம்மில் சிலர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறோம். கேட்டால் "வயசாச்சு", உடனே தைலம். அதனால்தான் இந்தப் பதிவு.

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் சுழல்கிறது. நடுவிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்தால் வலி தொடை இடுக்கில் வரும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். அவர்கள் முழங்காலையே படமெடுத்துக்கொண்டு அலைவார்கள். சம்மணம் போட முடியாமல் போவதும் ஓர் அறிகுறி.

1891இல் பெர்லினில் குளுக் என்பவர் யானைத் தந்தத்தில் உருண்டை செய்து வைத்தார். நிலைக்கவில்லை. 1946இல் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் உருண்டை வைத்தார்கள். அப்படி வைத்துக்கொண்ட ஒருவருக்கு நடந்தால் கிறீச்சென்று சத்தம். மனைவி கூட உட்கார்ந்து சாப்பிடவே தயங்கினாராம்!

அந்தச் சத்தம்தான் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லியை யோசிக்க வைத்தது: உராய்வைக் குறைக்க வேண்டும். சிறிய எஃகு உருண்டை, டெஃப்லான் கிண்ணம் (நம் தோசைக்கல்லில் பூசுவதுதான்). சுமார் 300 பேருக்கு வைத்தார். மூன்றே ஆண்டுக்குள் கிண்ணங்கள் தேய்ந்தன. அந்தத் துகள் சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் கெடுத்தது. அவர் ஓடி ஒளியவில்லை. மறுபடி தாமே அறுவை செய்து எடுத்தார். துகள் என்ன செய்கிறது என்று பார்க்கத் தம் தொடையிலேயே ஊசி போட்டுக்கொண்டார்.

1962இல் இயந்திரப் பல்சக்கரத்துக்கான பிளாஸ்டிக் விற்க ஒருவர் வந்தார். பாலிஎத்திலீன். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்து வேண்டாம் என்றார். உதவியாளர் ஹாரி கிரேவன், அவர் வெளியூர் போயிருந்த சமயம் சோதனை இயந்திரத்தில் மாட்டி ஓட்டினார். தேய்மானம் மிகக் குறைவு! அந்த நவம்பரில் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். இன்றைய கிண்ணமும் பெரும்பாலும் அந்த வகைதான். கெட்டிக்காரரைவிட, சொன்னபடி கேட்காத உதவியாளர் செய்த உபகாரம் பெரிது என்பேன்.

நம் நாட்டில் முதலில் செய்தவர் என்று பம்பாய் டாக்டர் கே.டி. தோலக்கியாவைச் சொல்வார்கள். இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. அட்டை வைத்திருப்பவர்கள் விசாரியுங்கள்.

எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. எடை குறைப்பு, உடற்பயிற்சி, கைத்தடி பலருக்குப் போதும். தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நம் ஊரில் பாதிப்பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.