மாதுளம்பழத்தில் ஆரம்பிச்ச வளையம்

நான் வளர்ந்தது ஓசூர் சிப்காட் பக்கம். எங்க அவ்வா ரொம்ப வருஷம் ஒரு விஷயத்தை யார்கிட்டயும் சொல்லல: "அடி இறங்குது." கர்ப்பப்பை இறக்கம். கடைசியில பெங்களூர்ல ஒரு டாக்டர் உள்ளே ஒரு வளையம் வெச்சு விட்டார். இதுக்குப் பேர் பெசரி. அவ்வா மறுபடி ராகிக் காட்டுக்குப் போனாங்க. ஆனா வளையத்தை எடுத்துக் கழுவணும், திரும்ப வரணும்னு யாருமே சொல்லல. எட்டு வருஷம் கழிச்சு ரத்தம் வந்தப்போதான் அது சதையில பதிஞ்சிருக்குன்னு தெரிஞ்சது.

அப்போதான் இந்த வளையத்தோட கதையைத் தேட ஆரம்பிச்சேன்.

பிரசவத்துலயும் கனமான வேலையிலயும் இடுப்புக்குள்ள இருக்கற தசையும் தசைநாரும் தளர்ந்துபோகும். மாதவிடாய் நின்ன பிறகு இன்னும் தளரும். அப்போ கர்ப்பப்பை கீழே இறங்குது. பழங்கால கிரேக்கர்கள் பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கினார்கள். பாதி மாதுளம்பழத்தை உள்ளே வெச்சுத் தாங்கவும் பார்த்தார்கள். யோசிச்சுப் பாருங்க, பெசரியோட பாட்டி ஒரு மாதுளம்பழம்!

1844-ல சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அழுகாத, உடம்புக்கு ஏத்த மாதிரி வளைக்கக்கூடிய பொருள் கிடைச்சது. பிலடெல்பியாவில் ஹியூ ஹாட்ஜ் என்ற டாக்டர் செஞ்ச வடிவத்துக்கு இன்னிக்கும் அவர் பேர்தான். அப்புறம் மயக்க மருந்து வந்தது, அறுவை சிகிச்சை வளர்ந்தது. நம்ம பம்பாயில் டாக்டர் ஷிரோட்கர், இனியும் குழந்தை வேணும்னு நினைக்கற பெண்களுக்காக, கர்ப்பப்பையை எடுக்காம தூக்கிக் கட்டற முறையை உருவாக்கினார். ஆபரேஷன் தாங்காதவங்களுக்குத்தான் வளையம்னு ஆச்சு.

இப்போ வர்ற வளையம் சிலிக்கான். இது நோயைக் குணப்படுத்தாது, தாங்கிப் பிடிக்கும். பல வருஷம் பயன்படுத்தலாம். ஆனா ஆஸ்பத்திரியில பார்த்துக்கறவங்க பொதுவா 3 முதல் 6 மாசத்துக்கு ஒருமுறை போய் எடுத்துச் சோதிக்கணும். மறந்துட்டா புண், சீழ். அபூர்வமா சிறுநீர்ப்பையில ஓட்டைகூட விழலாம்.

மறக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் வெட்கம். 1981-ல செங்கல்பட்டு பகுதியில கிராமத்துப் பெண்கள் சேர்ந்து ஆரம்பிச்ச ருவ்செக் அமைப்பு, இந்த இறக்கத்தோட வாழற பெண்களின் அனுபவங்களைக் கேட்டுப் பதிவு செஞ்சது. 2008-ல நேபாள உச்ச நீதிமன்றம், இது பெண்களின் இனப்பெருக்க உரிமை சம்பந்தப்பட்டதுன்னு தீர்ப்பு சொன்னது.

2023-ல பிரிட்டன்ல ஒரு ஆய்வு வெளிவந்தது. வளையத்தைத் தாங்களே எடுத்து, கழுவி, திரும்ப வெச்சுக்கப் பெண்களுக்குக் கத்துக்கொடுத்தார்கள். வாழ்க்கைத் தரம், ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவங்களுக்கு இருந்த அளவுக்கே இருந்தது. சிக்கல்கள் குறைவாக வந்தன.

அவ்வாவுக்கு யாராவது அன்னிக்கு ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைக் கத்துக்கொடுத்திருக்கலாம்.

உங்க வீட்டுலயும் ஒருத்தங்க சொல்லாம இருக்கலாம். இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது மெதுவா கேட்டுப் பாருங்க. ஏற்கனவே வளையம் இருந்தா, கடைசியா எப்போ செக்கப் போனீங்கன்னும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.