தனித்தொகுதி வேறு, தனி வாக்காளர் தொகுதி வேறு

ஏப்ரல் 14 முடிந்த வாரத்தில் ஒரு படிப்பு வட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணா, அம்பேத்கர் லண்டன்ல கேட்டது தனித்தொகுதி. இப்போ நமக்குத் தனித்தொகுதி இருக்கு. அப்புறம் எதுக்கு பூனா ஒப்பந்தத்தைத் துரோகம்னு பேசுறோம்?"

கேள்வி கேட்டவர் மேல் தவறில்லை. நம் மேடைகளில் பேசுகிறவர்களே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்களாக இருப்பவை தமிழில் ஒரே சொல்லாகிவிட்டன. அந்தக் குழப்பத்தில் நம் வரலாற்றின் பெரிய இழப்பு ஒன்று, கிடைத்துவிட்ட உரிமையைப் போலத் தெரிகிறது. ஆகவே சொற்களிலிருந்தே தொடங்குவோம்.

எலக்டோரேட் என்றால் ஓட்டுப் போடும் மக்கள். கான்ஸ்டிடியூயன்சி என்றால் அந்த மக்கள் வாழும், எல்லை வகுக்கப்பட்ட பகுதி. சீட் என்றால் அவையில் உள்ள இடம். தமிழில் நாம் மூன்றுக்கும் 'தொகுதி' என்ற சொல்லையே இழுத்துக்கொண்டோம். 'செபரேட் எலக்டோரேட்' தமிழில் தனி வாக்காளர் தொகுதி ஆனது. பேச்சில் நடுச்சொல் விழுந்து தனித்தொகுதி ஆனது. 'ரிசர்வ்டு கான்ஸ்டிடியூயன்சி'க்கோ ஏற்கெனவே பெயர் தனித்தொகுதிதான். வேட்பாளர் பட்டியலில் தொகுதியின் பெயருக்குப் பக்கத்தில் (தனி) என்று அச்சிடுகிறார்களே, அது இதுதான்.

இரண்டையும் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும். யார் நிற்கலாம்? யார் ஓட்டுப் போடலாம்?

தனி வாக்காளர் தொகுதியில் நிற்பவரும் நம்மவர், ஓட்டுப் போடுபவரும் நம்மவர். இன்றைய ஒதுக்கீட்டுத் தொகுதியில் நிற்பவர் மட்டுமே நம்மவர். ஓட்டு எல்லாச் சாதியினருக்கும் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் சுமார் 20 விழுக்காடு. ஒதுக்கீட்டுத் தொகுதியிலும் பெரும்பாலும் நாம் சிறுபான்மைதான். அங்கே வெல்கிறவர் யாருடைய ஓட்டை நம்பி வெல்கிறார் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு நம் தலைவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 1909 சீர்திருத்தத்தில் முஸ்லிம்களுக்கும் 1919 சட்டத்தில் சீக்கியர்களுக்கும் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது. நமக்குக் கிடைத்தவை நியமன உறுப்பினர் இடங்கள். 1928இல் சைமன் குழுவின் முன் அம்பேத்கர் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமையும், கூட்டு வாக்காளர் தொகுதியில் ஒதுக்கீட்டு இடங்களும் கேட்டார். வட்டமேசை மாநாட்டில் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார்கள். எம்.சி. ராஜாவோ 1932இன் தொடக்கத்தில் இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒதுக்கீட்டு இடங்களும் கூட்டு வாக்காளர் தொகுதியும் போதும் என்றார். நம் தலைவர்கள் எதிரெதிரே நின்றது இந்த இரண்டு சொற்களின் மேல்தான். இரண்டும் ஒன்றுதான் என்று நாம் சொன்னால், அவர்கள் எதற்காக மோதிக்கொண்டார்கள் என்பதே நமக்குப் புரியாது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை அறிவித்தார். மாகாண சட்டசபைகளில் நமக்கு 71 தனி இடங்கள். அவற்றில் 18 சென்னை மாகாணத்துக்கு. அந்த இடங்களுக்கு நாம் மட்டுமே ஓட்டுப் போடுவோம். அதோடு, பொதுத் தொகுதியிலும் நமக்கு ஓர் ஓட்டு உண்டு. இரட்டை வாக்குரிமை என்று நாம் சொல்வது இதைத்தான். முதல் ஓட்டால் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது ஓட்டுக்காகப் பொதுத் தொகுதியின் சாதி இந்து வேட்பாளரும் சேரிக்கு வந்தாக வேண்டும். பின்னாளில் அம்பேத்கர் பெரிதாக மதித்தது இந்த இரண்டாவது ஓட்டைத்தான். 20 ஆண்டுகளுக்கு இந்த ஏற்பாடு என்றது தீர்ப்பு.

செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா மூவரின் கையெழுத்தும் அதில் உண்டு. 71 இடங்கள் 148 ஆயின. சென்னையின் 18 இடங்கள் 30 ஆயின. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது லாபம். அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். யார் நிற்கலாம்? நம்மவர். யார் ஓட்டுப் போடலாம்? எல்லோரும். இரண்டாவது கேள்விக்கான விடை மாறிவிட்டது.

இடையில் ஒரு பாதுகாப்பு இருந்தது. ஒவ்வோர் ஒதுக்கீட்டு இடத்துக்கும் முதலில் நம் வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த நால்வரில் ஒருவரை எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் நம் ஓட்டில் முதலாவதாக வந்தவர் ஊர் ஓட்டில் தோற்கலாம், நான்காவதாக வந்தவர் வெல்லலாம். அந்த அரைப் பாதுகாப்பும் அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஒதுக்கீட்டு இடத்தில் வெல்பவர், பட்டியல் சாதியினர் அளித்த வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காட்டைப் பெற்றிருக்க வேண்டும். அந்தத் திருத்தம் நிற்கவில்லை. அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். அரசியலமைப்பின் 330, 332ஆம் பிரிவுகள் நமக்கு இடங்களை ஒதுக்குகின்றன. 325ஆம் பிரிவு தொகுதிக்கு ஒரே பொது வாக்காளர் பட்டியல் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பதுதான் இன்றைய (தனி).

இதோடு ஒட்டி வரும் இன்னும் இரண்டு குழப்பங்களையும் தீர்த்துவிடுவோம்.

ஒன்று, இரட்டை வாக்குரிமையும் இரட்டை உறுப்பினர் தொகுதியும். 1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள்; ஓர் இடம் பொது, ஓர் இடம் ஒதுக்கீடு. அங்கே எல்லா வாக்காளர்களுக்கும் இரண்டு ஓட்டு. எல்லோருக்கும் கொடுத்தது நமக்கான தனி உரிமை ஆகாது. ஆனாலும் ஒரு வேடிக்கை நடந்தது. 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் தொகுதியில் பழங்குடி வேட்பாளர்கள் இருவர் இரண்டு இடங்களையும் வென்றார்கள். தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒதுக்கீட்டுப் பிரிவினர் பொது இடத்தையும் வெல்லலாம் என்று உறுதிசெய்தது. 1961இல் சட்டம் போட்டு இரட்டை உறுப்பினர் தொகுதி முறையையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு, "இட ஒதுக்கீடு பத்து வருஷத்துக்குத்தானே கொடுத்தாங்க?" என்ற கேள்வி. ரிசர்வேஷன் என்ற ஒரே சொல் மூன்று இடங்களில் புழங்குவதால் வந்த குழப்பம் இது. பத்தாண்டுக் கெடு 334ஆம் பிரிவில் இருக்கிறது. அது சட்டமன்ற, நாடாளுமன்ற இடங்களுக்கு மட்டும். நீட்டித்து நீட்டித்து இப்போது 2030 வரை வந்திருக்கிறது. கல்விக்கான 15(4), வேலைக்கான 16(4) பிரிவுகளில் எந்தக் கெடுவும் இல்லை. அடுத்த முறை யாராவது கேட்டால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பழைய கதை என்று தோன்றினால் மதுரைப் பக்கம் பாருங்கள். 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனு போடவிடாமல் தடுத்தார்கள். தடுக்க முடியாதபோது தங்கள் ஆளையே நிறுத்தி ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். ஊர் முழுவதன் ஓட்டும் ஊர்ப் பெரியவர்கள் கையில் இருந்ததால் முடிந்த காரியம் அது. மேலவளவில் ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசனை 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். தனி வாக்காளர் தொகுதி இருந்திருந்தால் அரிவாள் வந்திருக்காது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பொம்மை வேட்பாளரை நம் ஓட்டால் ஜெயிக்க வைப்பது அத்தனை எளிதாக இருந்திருக்காது.

ஒதுக்கீட்டுத் தொகுதியால் பயனே இல்லை என்பதும் எங்கள் வாதம் அல்ல. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அந்த 44ம் இல்லாவிட்டால் கட்சிகள் நமக்கு எத்தனை சீட் கொடுத்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்று தனி வாக்காளர் தொகுதியை மீண்டும் கேட்பதா, நாகப்பா கேட்டதைப் போலக் குறைந்தபட்ச வாக்கு விழுக்காடு கேட்பதா என்பதில் நம் தோழர்களுக்குள் பல கருத்துகள் உண்டு. பேசுவோம், வாதாடுவோம். அதற்கு முன் எதைக் கேட்டோம், எது கிடைத்தது என்பதில் தெளிவு வேண்டும்.

அந்த மாணவரிடம் நாங்கள் சொன்னதும் இதுதான். குறிப்பேட்டில் 'தனித்தொகுதி' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, ஒதுக்கீட்டுத் தொகுதி என்றோ தனி வாக்காளர் தொகுதி என்றோ முழுதாக எழுதுங்கள். சுவரொட்டியிலும் அப்படியே எழுதுங்கள். ஒரு சொல் நீளமாக இருப்பதால் நமக்கு ஒன்றும் நட்டமில்லை. சுருக்கியதால் வந்த நட்டத்தைத்தான் இவ்வளவு நேரம் பேசினோம்.

ஜெய்பீம்.