பொற்காசும் கமுக்கப் பணமும்: கனடிய ஜூனியர் ஹாக்கியில் மறைவூதியத்தின் தோற்றம்

கனடாவின் ஜூனியர் ஐஸ் ஹாக்கி பதினாறிலிருந்து இருபது வயது வரையுள்ள ஆட்டக்காரர்களின் களம். அனுமதிக்கப்பட்ட வாரப்படிக்கு மேல், கணக்கில் வராமல், அவர்களுக்கோ பெற்றோருக்கோ போய்ச் சேரும் பணமும் சலுகையும் அங்கே நெடுநாளாகப் பேசப்படும் விஷயம். பேச்சு எவ்வளவு பழையதோ அவ்வளவுக்குச் சான்று குறைவு. கமுக்கமாகக் கொடுப்பவர் பற்றுச்சீட்டு எழுதி வைப்பதில்லை. ஆகவே இந்த வழக்கத்தின் வரலாற்றைத் தண்டனை ஆணைகளிலிருந்தும் விதி மாற்றங்களிலிருந்துமே பின்னோக்கிப் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் படித்தவர்களில் அதிகச் செல்வாக்குப் பெற்றவர்கள் புரூஸ் கிட், ஜான் மெக்ஃபார்லேன் இருவரும். 1972இல் வெளிவந்த அவர்களது ‘ஹாக்கியின் மரணம்’ என்ற நூலின் வாதம் எளிமையானது. ஹாக்கி கனடிய ஊர்களின் பொதுச் சொத்தாக இருந்தது. தேசிய ஹாக்கி லீக் என்ற வணிகக் கூட்டு அதை விலைக்கு வாங்கியது. கனடிய அமெச்சூர் ஹாக்கி சங்கம் அதற்கு உடந்தையானது. ஜூனியர் அணிகள் பெரிய லீகின் நாற்றங்கால்களாக மாறின. இந்த வாசிப்பின்படி பணம் மேலிருந்து கீழே இறங்கிவந்த நோய். ஜூனியர் ஆட்டத்தின் கறையெல்லாம் வணிக லீகின் கை பட்டதால் வந்தவை.

இதில் பாதி சரி. ஆதரவு முறை நடந்த காலத்தில் தேசிய லீக் அணிகள் ஜூனியர் அணிகளைப் பணம் கொடுத்துத் தாங்கின. ‘சி படிவம்’ என்ற ஒற்றைத் தாளில் கையெழுத்திட்ட பையனின் தொழில்முறை வாழ்க்கை முழுவதும் ஒரே அணிக்கு உரிமையானது. வயது வராதவன் என்றால் பெற்றோரும் கையெழுத்திட்டார்கள். இதைக் கண்டித்ததில் நூலாசிரியர்களோடு யாரும் சண்டையிட முடியாது. சிக்கல் கால வரிசையில் இருக்கிறது. தேசிய லீக் பிறந்தது 1917இல். ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்ததற்காக ஓர் அணி தண்டிக்கப்பட்டது அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. அப்போது பணம் கொடுத்தவர் வணிகரும் அல்லர், ஓர் ஊரின் மேயர். கிட் தனித்து எழுதிய 1996ஆம் ஆண்டு நூலில் அமெச்சூர் கொள்கையின் வர்க்கச் சார்பைக் கடுமையாகவே எடுத்துக்காட்டுகிறார். இருந்தும் 1972இன் வரிசைதான் பொதுப் பேச்சில் நிலைத்துவிட்டது.

அந்த 1898ஆம் ஆண்டு நிகழ்ச்சியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒன்டாரியோவின் பெர்லின் நகரம் இன்று கிச்சனர் என்று அழைக்கப்படுகிறது. அதன் அணி பக்கத்து ஊரான வாட்டர்லூவை வென்றது. மகிழ்ந்துபோன மேயர் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பத்து டாலர் பொற்காசு வழங்கினார். ஒன்டாரியோ ஹாக்கி சங்கம் இதைத் தொழில்முறை ஊதியம் என்று தீர்ப்பளித்து அணியையே விலக்கியது. காசுகள் கடிகாரச் சங்கிலியில் கோத்து அணிவதற்கான நினைவுப் பொருள்கள் என்று சொல்லப்பட்ட சமாதானம் எடுபடவில்லை.

மறுசொல்லல்களில் ஒரு பாடபேதம் உண்டு. சில இடங்களில் ‘பத்து டாலர் பொற்காசு’, சில இடங்களில் வெறுமனே ‘பத்து டாலர் பொன்’. இரண்டும் ஒன்றுதான் என்று எழுதுபவர்கள் கடந்துபோய்விடுகிறார்கள். ஒன்றல்ல. ஒட்டாவா நாணயச் சாலை திறந்தது 1908இல். கனடா தன் பத்து டாலர் பொற்காசை அடித்தது 1912இலிருந்து 1914 வரை மட்டுமே. ஆக 1898இல் பெர்லினில் ‘பத்து டாலர் பொற்காசு’ என்ற ஒற்றை நாணயம் கைமாறியிருந்தால், அது ‘ஈகிள்’ எனப்படும் அமெரிக்க நாணயமாகத்தான் இருந்திருக்க முடியும். அதற்குக் கனடாவில் சட்டச் செலாவணித் தகுதி இருந்தது. ஆனால் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் காகித நோட்டுகளில்தான் நடந்தது. கூலி கொடுக்க நினைப்பவர் நோட்டை எடுத்து நீட்டுவார். பொன்னைத் தேடிப் போகமாட்டார். பொன்னைத் தேர்ந்தெடுத்தவர் அது செலவாகாமல் இருக்க வேண்டும், கண்ணில் பட வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். கடிகாரச் சங்கிலிச் சமாதானம் பிறகு யோசித்துச் சொன்ன சாக்கு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நாணயத்தின் இயல்பு அந்தக் கருத்துக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

‘பத்து டாலர் பொன்’ என்ற பாடமே மூலமானது என்றால் இந்த வாதம் தளரும். இரண்டு ஐந்து டாலர் காசுகள் நினைவுப் பொருளாகத் தோன்றா. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்றாலும் ஒன்று மாறாது: கொடுத்தது வெளிப்படையாக. ஊர்த்தலைவர் ஊரறியக் கொடுத்ததில் ஒளிவும் இல்லை, மறைவும் இல்லை. குற்றம் என்று விதி சொன்ன பிறகுதான் அடுத்த மேயர், அடுத்த அணித்தலைவர், அடுத்த கடைக்காரர் கையை மடித்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். 1899 முதல் 1905 வரை சங்கத் தலைவராயிருந்த நாளிதழ் அதிபர் ஜான் ராஸ் ராபர்ட்சனின் காலத்தில் பிடி மேலும் இறுகியது. பணம் வாங்கியதாகச் சந்தேகிக்கப்பட்டவர் தான் வாங்கவில்லை என்று தானே நிரூபிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரிடமே நிரபராதத்துக்குச் சான்று கேட்கும் இந்த முறை ஊதியத்தை ஒழிக்கவில்லை, சாட்சிகளை ஒழித்தது. பெர்லின் அணியில் ஆடிய இளைஞர் ஜாக் கிப்சன் பிறகு டெட்ராய்ட்டில் பல் மருத்துவம் படித்து, மிஷிகன் மாநிலத்தின் ஹோட்டன் சுரங்க ஊருக்குப் போனார். உலகின் முதல் வெளிப்படையான தொழில்முறை ஹாக்கி லீக் 1904இல் உருவானதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. விரட்டப்பட்ட பொற்காசு எல்லை தாண்டிப்போய்ச் சம்பளமாகத் திரும்பியது.

அடுத்த திருப்பம் 1935–36இல். கனடிய அமெச்சூர் ஹாக்கி சங்கம் ‘நான்கு அம்சங்கள்’ என்ற திருத்தங்களை முன்வைத்தது. ஹாக்கித் திறமையைக் காட்டி முறையான வேலை பெறலாம். ஆடப்போன நாள்களில் இழந்த கூலியை ஈடுகட்டிக்கொள்ளலாம். தொழில்முறை அணிகளோடு காட்சி ஆட்டம் ஆடலாம். வேறொரு விளையாட்டில் தொழில்முறையாளராயிருப்பவர் ஹாக்கியில் அமெச்சூராக இருக்கலாம். நாட்டின் அமெச்சூர் விளையாட்டுக் கூட்டமைப்பு இவற்றை ஏற்கவில்லை. ஹாக்கி சங்கம் பிரிந்தது. இந்தப் பிரிவை 1972ஆம் ஆண்டு நூலின் வழிவந்தவர்கள் சரணாகதி என்று படிப்பார்கள். ஒளித்துச் செய்துவந்ததை ஒப்புக்கொண்ட நேர்மை என்றும் அதைப் படிக்க இடமிருக்கிறது. அதே 1936இல், ஒலிம்பிக் அணிக்குச் சேர்க்கப்பட்ட ஹாலிஃபாக்ஸ் ஆட்டக்காரர் நால்வர், ஜெர்மனி போய்வரும் காலத்துக்குக் குடும்பச் செலவுக்குப் பணம் கேட்டதால் நீக்கப்பட்டார்கள். விதி மாறிக்கொண்டிருந்த ஆண்டிலும் கேட்டவருக்குத்தான் தண்டனை, கேட்காமல் வாங்கியவருக்கு இல்லை.

பிரிவுக்குப் பின் அமெச்சூர் என்றால், தொழில்முறை ஹாக்கியில் சேராதவர் என்ற அளவுக்கு இலக்கணம் சுருங்கியது. அதன் விளைவை ஆட்டக்காரர் ஜான் பெலிவோவிடம் காணலாம். கியூபெக் நகரின் சிட்டடெல்ஸ் ஜூனியர் அணியில் அவர் ஆடிய கடைசிப் பருவத்தில், 1951இல், ரசிகர்கள் அவருக்கு ஒரு நாஷ் கார் பரிசளித்தார்கள். 1898இன் பொற்காசும் இந்தக் காரும் ஒரே வகைச் செயல்: ஊர் தன் நாயகனுக்குத் தந்த சீர். முன்னதால் அணி விலக்கப்பட்டது. பின்னது செய்தித்தாளில் படமானது. அடுத்த இரண்டு ஆண்டுகள் அதே நகரின் ஏசஸ் என்ற ‘அமெச்சூர்’ அணியில் அவர் ஆடியபோது, அவரது வருமானம் தேசிய லீக் ஆட்டக்காரர் பலருடையதைவிட அதிகம். மான்ட்ரியல் கனடியன்ஸ் 1953இல் ஏசஸ் ஆடிய லீகையே விலைக்கு வாங்கித் தொழில்முறையாக்கிய பிறகுதான் அவர் கனடியன்ஸுக்கு வந்தார். மற்றோர் ஆட்டக்காரரான பாபி ஓரின் ஒப்பந்தமும் இதே போக்கில் நிற்கிறது. 1962இல், பதினான்கு வயதில், பாஸ்டன் அணிக்கு அவரை எழுதிக்கொடுத்ததற்கு ஈடாகக் கிடைத்தவற்றில் குடும்பத்தின் வீட்டுக்குப் புதுப் பூச்சும் பழைய கார் ஒன்றும் அடக்கம். ரொக்கத் தொகை மட்டும் நூலுக்கு நூல் மாறுகிறது. இதில் சுரண்டல் இருந்தது, கமுக்கம் இல்லை.

கமுக்கம் ஜூனியர் ஆட்டத்துக்குத் திரும்பியது ஆதரவு முறை 1967இல் முடிந்த பிறகு என்று கொள்வதே பொருத்தம். ஆண்டைத் துல்லியமாகக் குறிக்க முடியாது; லீகுக்கு லீக் விதி மாறியது. 1975இல் மூன்று பெரிய ஜூனியர் லீகுகளும் ஒரே குடையின் கீழ் வந்தன. இளம் ஆட்டக்காரரைத் தேர்வு முறையில் பங்கிட்டு, வாரப்படிக்கு உச்சவரம்பு கட்டி, ஆடிய பருவங்களுக்கு ஏற்பக் கல்விச் செலவு தருவதாக ஏற்பாடு நிலைபெற்றது. அரங்கு நிறைந்தாலும் ஆட்டக்காரருக்கு வாரம் சில பத்து டாலர்தான். அமெரிக்கப் பல்கலைக்கழக ஹாக்கிக்குப் போகும் வாய்ப்புள்ள பையனுக்கு மட்டுமே பேரம் பேசும் வலிமை இருந்தது. உச்சவரம்பு அவனிடம்தான் உடையும் என்பது விதி எழுதியவர்களுக்கும் தெரியாததல்ல.

2012இல் இரண்டு தண்டனைகள் வந்தன. ஆகஸ்டில் ஒன்டாரியோ லீக் வின்ட்சர் அணிக்கு 4 லட்சம் டாலர் அபராதம் விதித்து, முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் பலவற்றைப் பறித்தது. பிறகு சமரசத்தில் தண்டனை குறைந்தது. நவம்பரில் மேற்கு லீக் போர்ட்லண்ட் அணிக்கு 2 லட்சம் டாலர் அபராதம் விதித்து, பயிற்சியாளர் மைக் ஜான்ஸ்டனை எஞ்சிய பருவம் முழுவதும் விலக்கி, 2013 தேர்வின் முதல் ஐந்து சுற்றுகளையும் அடுத்த நான்கு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் பறித்தது. குற்றப் பட்டியலை விரிவாக வெளியிட்டது தண்டிக்கப்பட்ட அணிதான்: ஏழு குடும்பங்களுக்கு விமானச் சீட்டுகள், இரண்டு ஆட்டக்காரருக்கு ஒரு வாரக் கோடைப் பயிற்சிச் செலவு, அணித்தலைவருக்கு ஒரு கைபேசி. தற்காப்புக்காக எழுதப்பட்ட பட்டியல் என்பதால் அதை முழுமையானது என்று கொள்ளலாகாது. ஆனாலும் ஜூனியர் ஹாக்கியில் மறைவூதியம் பற்றி உருப்படி உருப்படியாகப் படிக்கக் கிடைக்கும் இதுபோன்ற ஆவணம் அரிது. அதில் பணக்கட்டு இல்லை. மகன் ஆடுவதைப் பார்க்கத் தாய் தந்தை வந்துபோன செலவே பெரும்பங்கு. 1936இல் நால்வர் கேட்ட குடும்பச் செலவு இங்கே வேறு உருவில் நிற்கிறது.

ஆட்டக்காரரின் தகுதியோ எல்லையைப் பொறுத்து மாறியது. 2014இல் குறைந்தபட்ச ஊதியம் கேட்டு 18 கோடி டாலருக்குக் கூட்டு வழக்கு தொடரப்பட்டபோது, அவர்கள் ஊழியர்கள் அல்லர், அமெச்சூர்கள் என்று லீகுகள் வாதிட்டன. வாஷிங்டன் மாநிலமும் கனடிய மாகாணங்கள் பலவும் ஜூனியர் ஆட்டக்காரரை ஊதியச் சட்டத்திலிருந்து விலக்கின. அதே பையன் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கண்ணில் தொழில்முறையாளனாக இருந்தான். வாரப்படி வாங்கியவன் என்பதால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அவனுக்குக் கதவை மூடியது. அச்சங்கம் 2024 நவம்பர் 7 அன்று அந்தத் தடையை நீக்க வாக்களித்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல் கனடிய ஜூனியர் ஆட்டக்காரர்கள் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் ஆடலாம். அங்கே பெயரையும் முகத்தையும் விற்று வெளிப்படையாகப் பணம் பெறச் சங்கத்தின் விதி இடம் தருகிறது.