ரேவா

பெங்களூரில் உருவாகி 2001-இல் விற்பனைக்கு வந்த சிறிய மின்சாரக் கார். சேத்தன் மைனி முன்னின்று வடிவமைத்தது. நீளம் சுமார் 2.6 மீட்டர், கதவு இரண்டே. முன்னால் இருவர் அமரலாம். பின்னிருக்கை பெயரளவுக்குத்தான், குழந்தைகளுக்கே சரிப்படும். முன்னிருக்கைகளுக்கு அடியில் ஈய-அமில பேட்டரிகள் எட்டு. வீட்டு பிளக்கில் செருகி இரவில் சார்ஜ் போட்டால், காலையில் சுமார் 80 கி.மீ. ஓடத் தயார்.

உள்ளூரில் அதிகம் விலைபோகாத இவ்வண்டி, 'ஜி-விஸ்' என்ற பெயரில் லண்டனில் ஓடியது. நகர மையத்துக்கான நெரிசல் கட்டணம் அங்கே அப்போது மின்சார வாகனங்களுக்கு இருக்கவில்லை என்பதே முக்கியக் காரணம். சட்டப்படி அது கார் அல்ல, நாற்சக்கர இலகு வாகனம். ஆகவே கார்களுக்குரிய மோதல் சோதனை கட்டாயமாக இருக்கவில்லை. பாதுகாப்பு பற்றிய விமர்சனம் கடைசிவரை ஓயவில்லை. 2010-இல் இக்காரைத் தயாரித்த நிறுவனத்தின் பெரும்பங்கை மஹிந்திரா வாங்கியது; அடுத்த மாடலான 'இ2ஓ' 2013-இல் லித்தியம் பேட்டரியுடன் வெளிவந்தது.